பெட்டிக்கு மேலே ஒரு நட்சத்திரம்

தேக்காவில் டீ எப்போதுமே கொஞ்சம் இனிப்புத் தூக்கலாகத்தான் இருக்கும், அண்ணே. சர்க்கரை வேண்டாம் என்றால் வாங்கும்போதே கோசோங் என்று சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூரில் இத்தனை வருடம் இருந்துவிட்டவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் டம்ளரைத் தொடாமலே வைத்திருக்கிறீர்களே என்றுதான் சொன்னேன்.

உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டீர்கள். ஊருக்குத் தம்பியின் உடலோடு போய், அடக்கம் செய்து, முப்பதாம் நாள் பூசையும் முடித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறீர்கள். ஜூலியஸின் போனை அங்கேதான் திறந்து பார்த்தீர்களாம். கடைசியாக அவர் எழுதியது எனக்கு. 'பிரிஜட் அக்கா' என்று என் பெயரைப் போட்டு வைத்திருந்திருக்கிறார். அவர் கேட்டதற்கு நான் ஏன் அப்படிப் பதில் எழுதினேன் என்று கேட்கிறீர்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நான் எதையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் அது புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் புள்ளியியல் தெரிய வேண்டும். நான் பாலர் பள்ளி ஆசிரியை, பொறுமையாகச் சொல்லித் தருவேன்.

எனக்குக் கணக்கு வராது. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். எண்களைப் பார்த்தாலே புத்தகத்தை மூடிவிடுவேன். அதனால்தான் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லித் தரும் வேலைக்குப் போனேன். பிறகு, வேலை பார்த்துக்கொண்டே சமூகப் பணியில் முதுகலை சேர்ந்தேன். கட்டுரைகள் எல்லாம் நன்றாகவே எழுதினேன். கடைசியில் ஓர் ஆய்வு செய்ய வேண்டும், அதை எண்களில் செய்ய வேண்டும் என்றதும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

சிராங்கூன் ரோட்டில் ஒரு தையல்கடைக்கு மேலே சனிக்கிழமைகளில் வகுப்பு நடத்துகிறார் அர்ஃபான். என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் கற்றுத் தருவதில் கெட்டிக்காரர். கணினியில் அதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும். நாம் ஆட்களை உள்ளே ஏற்றினால் போதும். அர்ஃபான் முதல் நாள் சொன்னது இவ்வளவுதான். "ஒரு ஆளு, ஒரு வரி. அத மட்டும் ஞாபகம் வச்சுக்குங்கக்கா, மத்தது சாஃப்ட்வேர் பாத்துக்கும் லா." ஒவ்வொருவருடைய பதிலையும் குறுக்கே கட்டம் கட்டமாகத் தட்டிக்கொண்டு போக வேண்டும். பிறகு ஒரு பொத்தான். அறுபது பேரின் சராசரி கண் முன்னால் வந்து நிற்கும். முதல்முறை வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, அண்ணே. இத்தனை வயதுக்குப் பிறகு கணக்கு என் சொல்லைக் கேட்டது.

என் ஆய்வு உங்களையும் தம்பியையும் போல ஊரை விட்டு வந்து இங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறவர்களைப் பற்றியதுதான். ஞாயிறு பூசைக்கு அடிக்கடி வரும் தொழிலாளர்களுக்கு மனக்கஷ்டம் குறைவாக இருக்கிறதா என்பது கேள்வி. கோவிலை ஒட்டிய பழைய கட்டடத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று ஃபாதர் வெகு காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். படுக்கவும் பாடவும் ஊருக்குப் போன் பேசவும் ஓர் இடம். கோவிலுக்கு வருவதால் பலன் இருக்கிறது என்று எண்ணில் காட்டினால் கொடுப்பதாகப் பங்குப் பேரவையில் சொல்லியிருந்தார்கள். ஆக, நான் பட்டத்துக்காக மட்டும் இதைச் செய்யவில்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வித்தாளில் முதலில் மாதத்தில் எத்தனை பூசைக்கு வந்தீர்கள் என்று இருக்கும். பிறகு தூக்கம், பசி, சோர்வு என்று ஒன்பது கேள்விகள். இல்லவே இல்லை என்றால் பூஜ்யம். தினமும் என்றால் மூன்று. கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வந்ததா என்பது. அதற்குப் பூஜ்யம் தவிர வேறு எதையாவது யாராவது போட்டால், அன்றைக்கே ஒரு மனநலக் கவுன்சலருக்கு நான் தகவல் சொல்ல வேண்டும். கல்லூரியின் நிபந்தனை அது. அதற்காகத் தாளில் போன் நம்பர் கேட்டிருந்தேன். 'தேவைப்பட்டால் உங்களை ஒருவர் அழைத்துப் பேசுவார்' என்று அடியில் போட்டிருந்தேன். அந்த வரியை எழுதியது நான்தான். எளிமையாக இருக்கிறது என்று பேராசிரியர்கூடப் பாராட்டினார்.

தமிழ்ப் பூசை முடிந்ததும் எல்லோரையும் கீழே இருக்கும் கூடத்துக்கு வரச் சொல்லி, தாளையும் பிரியாணிப் பொட்டலத்தையும் கொடுத்தேன். அங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கிட்டத்தட்ட எல்லோரும் பூஜ்யம் போட்டார்கள். பொட்டலம் கொடுத்து, பக்கத்தில் நின்று தண்ணீரும் ஊற்றுகிற அக்காவிடம் நான் நன்றாக இல்லை என்று எப்படி எழுதுவது. மரியாதையாக இருக்காதே. "நாங்கல்லாம் நல்லாத்தான்க்கா இருக்கோம். நீங்களே எல்லாத்துக்கும் ஜீரோ போட்டுக்குங்க லா" என்று ஒருவர் பேனாவைத் திருப்பியே கொடுத்துவிட்டார். கோவிலுக்கு எப்போதாவது வருகிறவர்கள் அங்கங்கே ஒன்று, இரண்டு என்று போட்டிருந்தார்கள். ஒவ்வொரு வாரமும் வந்து என்னை நன்றாகப் பழகியவர்கள்தான் சுத்தமாகப் பூஜ்யம். எனக்கு அது மனநிறைவாக இருந்தது.

எழுத்து சின்னதாக இருக்கிறது என்றவர்களுக்கு உங்கள் தம்பிதான் கேள்விகளை வாசித்துக் காட்டினார். பாடற்குழுவில் பாடுகிற, பூசையில் வாசகம் படிக்கிற அதே குரல். எல்லோருக்கும் வாசித்து முடித்துவிட்டு, கடைசியாகத் தன் தாளோடு என்னிடம் வந்தார்.

"எக்கா, நெசமாவே எழுதணுமா? இல்ல எல்லாரும் எழுதுன மாரி எழுதிரவா?"

"நிஜமாதான் எழுதணும் தம்பி. நீ எழுதுறது எங்கயும் போகாது" என்றேன்.

அவர் சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்து வெகுநேரம் எழுதினார். பிரியாணி ஆறிவிட்டது. நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன், அண்ணே. அவர் எழுதியது எங்கேயும் போகவில்லை.

மறுநாள் வேலை விட்டு வந்து தாள்களைக் கணினியில் ஏற்றினேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று விரல் தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஜூலியஸின் தாளில் நின்றுவிட்டது. ஒரு பூசைகூட விடாமல் வந்திருக்கிறார். ஆனால் அநேகமாக எல்லாக் கேள்விக்கும் மூன்று, ஒன்றிரண்டில் மட்டும் இரண்டு. கடைசிக் கேள்விக்கும் மூன்று. பேனாவை இரண்டு முறை அழுத்தி வட்டம் போட்டிருந்தார். பயமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. கவுன்சலரின் நம்பரை எடுத்துக்கூட வைத்தேன். மிச்சத் தாள்களையும் ஏற்றிவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். வேலையைப் பாதியில் விடுவது எனக்கு ஆகாது.

முடிக்கும்போது களைப்பாக இருந்தது. அன்று கூப்பிடவில்லை. மறுநாளும் கூப்பிடவில்லை. அன்றைக்கே என்பது தவறிவிட்ட பிறகு, எப்போது கூப்பிட்டாலும் தாமதம்தானே என்று தோன்றியது.

சனிக்கிழமை வகுப்பில் அர்ஃபான் பெட்டிப் படம் போடக் கற்றுத் தந்தார். பார்க்க எளிமையான படம். நடுவில் ஒரு பெட்டி, அதற்கு மேலும் கீழும் மீசை மாதிரி ஒரு கோடு. பெரும்பாலானவர்கள் அதற்குள் அடங்கிவிடுவார்கள். ரொம்பவும் விலகிப்போன ஆள் யாராவது இருந்தால், மென்பொருள் அவரை வெளியே ஒரு நட்சத்திரமாகக் காட்டும், பக்கத்தில் அவருடைய வரி எண்ணையும் போடும். என் படத்தில் பெட்டி தரையோடு தரையாகக் கிடந்தது. மேலே வெகு உயரத்தில் ஒரே ஒரு நட்சத்திரம். பக்கத்தில் 47.

"யாருக்கா இது? தட்டும்போது தப்பாயிடுச்சா?" என்றார் அர்ஃபான்.

"தெரியல. பாக்கணும்" என்றேன். பொய் சொன்னேன். எனக்கு வரி எண் மனப்பாடம்.

அவர் மேல் எந்தத் தவறும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "பேப்பர எடுத்து செக் பண்ணுங்க. தப்புன்னா திருத்துங்க. உண்மைன்னா அப்டியே விட்டுட்டு ரிப்போர்ட்ல எழுதுங்க. ரிசல்ட் வரலன்னு ஒரு ஆளத் தூக்கிடக் கூடாதுக்கா" என்று தெளிவாகத்தான் சொன்னார். கேள்வியே புரியாமல் எழுதியவர் என்றால் மட்டும் எடுக்கலாம், காரணத்தைக் குறிப்பிட வேண்டும் என்று போகிற போக்கில் சேர்த்தார். எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் காதில் நின்றது.

ஜூலியஸ் உள்ளே இருக்கும்வரை என் ஆய்வில் ஒன்றும் வரவில்லை, அண்ணே. கோவிலுக்கு வருவதற்கும் மனக்கஷ்டத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று வந்தது. ஒரு ஆள், அதுவும் எல்லாப் பூசைக்கும் வந்து பாடுகிற ஆள், மற்ற எல்லோரும் சொன்னதைக் கெடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் பள்ளியில் வருடக் கடைசியில் வகுப்புப் படம் எடுப்பார்கள். எப்போதும் ஒரு பிள்ளை அழுதுகொண்டு நிற்கும். அதை ஓரமாக அழைத்துப் போய் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மற்றவர்களை எடுக்கச் சொல்வேன். பெற்றோர் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை. படம் எல்லோர் வீட்டிலும் மாட்டியிருக்கிறது.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். என் முன்னால் இரண்டு வழி இருந்தது. கவுன்சலரைக் கூப்பிட்டு, இவர் இப்படி எழுதியிருக்கிறார் என்று சொன்னால், அவர் கேள்வியைப் புரிந்துகொண்டுதான் எழுதினார் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். பிறகு அவரை எடுக்க முடியாது. அவரை எடுக்க வேண்டுமென்றால் அவருக்குக் கேள்வி புரியவில்லை என்று எழுத வேண்டும். கேள்வி புரியாதவருக்காகக் கவுன்சலரைக் கூப்பிட முடியாது. இரண்டையும் சேர்த்துச் செய்ய வழியில்லை. நான் நியாயமாகத்தான் யோசித்தேன்.

'எண்களைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு பதிலளித்துள்ளார்' என்று காரணம் எழுதினேன்.

நீங்கள் குறுக்கிடுகிறீர்கள். "அவனுக்கா கேள்வி புரியலைன்னு சொல்லுதீங்க?"

ஆமாம், அத்தனை பேருக்கும் வாசித்துக் காட்டியவர்தான். எனக்கும் அது உறுத்தியது. ஆனால் அத்தனை முறை வாசித்ததாலேயே குழம்பியிருக்கலாம் அல்லவா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாளில் நம்பவும் ஆரம்பித்துவிட்டேன். சிரித்த முகமாக இருக்கிற பையன், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பூசைக்கு வருகிற பையன், அவனுக்கு எப்படி அப்படி இருக்கும்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் உட்கார்ந்து நாற்பத்தேழாவது வரியைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். கீழே இருந்தவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு படி மேலே வந்தார்கள். நாற்பத்தெட்டாக இருந்தவர் நாற்பத்தேழு ஆனார். பார்த்தால் அங்கே யாரோ இருந்தார்கள் என்றே தெரியாது. பிறகு பொத்தானை அழுத்தினேன். கிடைத்த முடிவு வெறும் தற்செயலாக வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மென்பொருள் ஓர் எண் கொடுக்கும். அது நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இருந்தால் உலகம் ஏற்றுக்கொள்ளும். எனக்கு மூன்று வந்தது. கோவிலுக்கு வருகிறவர்களுக்கு மனக்கஷ்டம் குறைவு. ஃபாதருக்கு அங்கிருந்தே போன் போட்டுச் சொன்னேன். கீழே இறங்கி ஒரு பெட்டி ஜிலேபி வாங்கி வகுப்பில் எல்லோருக்கும் கொடுத்தேன். அன்று நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆய்வில் இல்லாத ஒருவருக்கு ஆய்வின் நிபந்தனை எப்படிப் பொருந்தும். அன்றைக்கு எனக்கு அது அவ்வளவு தெளிவாக இருந்தது.

அடுத்த வாரம் அவரிடமிருந்து மெசேஜ் வந்தது. மதியம், பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். உங்கள் கையில் இருக்கிற போனில்தான் இருக்கிறது, ஆனாலும் என் வாயால் சொல்லிவிடுகிறேன்.

"எக்கா, பேப்பர் பாத்தாச்சா? யாரோ கூப்புடுவாங்கன்னு போட்டிருந்துச்சுல்லா. யார்டு சூப்பர்வைசர் ஏசுனாலும் பரவால்லன்னு போன கையிலயே வச்சிருக்கேன்."

நான் உடனே பதில் எழுதினேன். தாமதிக்கவில்லை.

"பார்த்தேன் தம்பி. ஒண்ணும் இல்ல, எல்லாம் நார்மல்தான். யாரும் கூப்பிட மாட்டாங்க. நல்லா தூங்கு."

"சரிக்கா" என்று எழுதி, கும்பிடுகிற கையையும் போட்டிருந்தார். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆனது. பக்கத்தில் ஒரு பிள்ளை விழித்துக்கொண்டு அழுதது, தட்டிக்கொடுக்கப் போய்விட்டேன்.

வேறு எதை எழுதியிருந்தாலும் வரியைத் திரும்பப் போட வேண்டியிருந்திருக்கும், அண்ணே. நீங்கள் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். அவர் என்ன எழுதியிருந்தார் என்பது எனக்குத் தெரியும். அது உண்மை என்பதும் தெரியும். சுவர் ஓரமாக அவர் எழுதிக்கொண்டிருந்த முதுகைப் பார்த்தபோதே தெரியும்.

அந்த வாரக் கடைசியில் அவர் போய்விட்டார். ஞாயிறு பூசையில் பாடற்குழுவில் அவர் இடம் காலியாக இருந்தது. ஃபாதர் பீடத்திலிருந்து அறிவித்தபோது, பூஜ்யம் போட்டவர்கள் எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். சிலர் வாய்விட்டு அழுதார்கள். இவர்களுக்கு இவ்வளவு துக்கம் எங்கே இருந்தது என்று நான் அப்போதுதான் ஆச்சரியப்பட்டேன். வீட்டுக்குப் போய், அவர் தாளை எடுத்து, வரியை மறுபடி சேர்த்துப் பார்த்தேன். சேர்த்துவிடத்தான் நினைத்தேன், சத்தியமாக. நட்சத்திரம் அதே இடத்தில் வந்தது. முடிவு மறுபடி போய்விட்டது. ஒன்றும் இல்லாத ஓர் ஆய்வால் செத்தவருக்கும் லாபமில்லை, இருக்கிறவர்களுக்கும் லாபமில்லை. மறுபடி அழித்தேன். முதல் தடவை அழிக்க ஒரு வாரம் ஆனது. இரண்டாம் தடவை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கட்டடம் கிடைத்துவிட்டது. கூடிய சீக்கிரம் திறப்பு விழா. ஜூலியஸ் பெயரில் ஒரு பாட்டுப் பாடலாம் என்று நான்தான் ஃபாதரிடம் சொல்லியிருக்கிறேன். நீங்களும் வர வேண்டும்.

நீங்கள் முகத்தைத் துடைத்துக்கொள்வது எனக்குத் தெரிகிறது. துடைத்துக்கொள்ளுங்கள், இங்கே யாரும் பார்க்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் எல்லோரும் அவரவர் ஊர்க்காரரைத் தேடிக்கொண்டிருப்பார்கள். இந்தாருங்கள், டிஷ்யூ.

போவதற்கு முன்னால் ஒரு சின்ன உதவி. பேராசிரியர் ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டுவிட்டார், ஆனால் அறுபது பேர் என்று அனுமதி வாங்கிவிட்டு ஐம்பத்தொன்பது பேர் இருப்பது கண்ணை உறுத்துகிறதாம். இன்னும் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். நீங்கள் துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறீர்கள், தொழிலாளர் டார்மில் தங்கியிருக்கிறீர்கள், பூசைக்கும் வருகிறீர்கள். எல்லாம் பொருந்துகிறது. தம்பியின் இடத்தில் அண்ணன் இருப்பதுதான் முறை என்று எனக்குப் பட்டது. பேனா இதோ இருக்கிறது. உண்மையை எழுதுங்கள், எங்கேயும் போகாது. பயப்படாதீர்கள், கஷ்டமான கேள்வி எதுவும் இதில் இல்லை. கடைசிக் கேள்வியை நான் எடுத்துவிட்டேன். மற்றவர்கள் எல்லோரும் அதற்குப் பூஜ்யம்தான் போட்டிருந்தார்கள், அதனால் யாருடைய கூட்டுத்தொகையும் மாறவில்லை. அடியில் இருந்த அந்த வரியையும் எடுத்துவிட்டேன், அண்ணே. இனிமேல் யாரும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை.